மாந்தைத் துறையிலிருந்து வங்காலைச் சரணாலயம் வரை

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் ஏ-14 வீதியில் திருக்கேதீச்சரத் திருப்பத்தைக் கடந்ததும் மரங்கள் சடுதியாகக் குறைந்துவிடும். இரு பக்கமும் தட்டையான வெளி. மாரியில் அது கணுக்கால் தண்ணீர், கோடையில் உப்புப் பூத்த மண். எங்கட ஆக்கள் இதைத் 'தரவை' என்பார்கள். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் பாதிப்பேர் இந்த இடத்தில் தூங்கிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு வந்த ஆசிரிய நண்பர் ஒருவர் தூங்கவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தவர் கேட்டார்: "சேர், இவ்வளவு காணியையும் ஏன் சும்மா போட்டு வச்சிருக்காங்க?"

அந்த 'சும்மா'வுக்குப் பதில் தேடப் போய்த்தான் இக்கட்டுரை வந்தது. நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லன், தமிழ் படிப்பிக்கிறவன். ஆனால் அந்தத் தரவையில் நமது வரலாற்றின் ஒரு பக்கம் கிடக்கிறது, அதை நாம் வாசிக்காமலே கடந்துபோகிறோம் என்ற உறுத்தல் நெடுநாளாக இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வீதியின் இரு பக்கமும் தள்ளாடிவரை விரிந்து, தெற்கே கடலுக்குள்ளும் இறங்கும் 4,839 ஹெக்டேயர் 2008 செப்டெம்பரில் வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 ஜூலையில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1971இல் ஈரானின் கஸ்பியன் கரையிலுள்ள ராம்சார் என்ற ஊரில் கைச்சாத்தான உடன்படிக்கை அது. இலங்கையில் அப்பட்டியலில் இருப்பவை ஆறே ஆறு இடங்கள். வடமாகாணத்திலிருந்து இடம்பெற்ற முதல் ஈரநிலம் இது. ஒரே வேளையில் 20,000க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கும் இடம் என்பது அதன் தகுதிகளில் ஒன்று. முட்புதர், மேய்ச்சல் தரை, மணல்மேடு, கண்டற்காடு, உப்புச் சதுப்பு, களப்பு, வற்றுப்பெருக்குச் சேற்றுத்தரை, கடற்புல் வெளி என எட்டு வகை நிலமாவது இதற்குள் அடுத்தடுத்துக் கிடக்கிறது. ஒரு மணித்தியாலம் நடந்தால் எல்லாவற்றையும் மிதித்துவிடலாம்.

பறவை அறிஞர் பலர் எழுதிவிட்டார்கள். நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். மன்னார்க் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றர்கூட இல்லை. உலகத்தின் பெரிய வற்றுப்பெருக்குகளோடு ஒப்பிட்டால் இது சிரிப்புக்கிடமானது. ஆனால் நிலம் அவ்வளவு தட்டையாக இருப்பதால், தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலே ஏக்கர் கணக்கில் சேறு வெளியே வந்துவிடும். அந்தச் சேற்றில் புழு, சிறுநண்டு, சிப்பி. ஒவ்வொரு பறவையின் சொண்டும் ஒவ்வொரு ஆழத்துக்கென்று அமைந்தது. உப்புக்கொத்தியின் சின்னச் சொண்டு மேற்பரப்பில் கொத்தும். கருவால் மூக்கன் தலைவரை சேற்றுக்குள் விட்டு இழுக்கும். கோட்டானின் வளைந்த சொண்டு நண்டுப் பொந்துக்குள் போகும். ஒரே சோற்றுச் சஹனில் கை முட்டாமல் சாப்பிடுவது போலத்தான். ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் ஆழங்குறைந்த தண்ணீரில் முளைக்கும் புல்பூண்டைத் தேடி வருபவை. நமது ஊரில் எல்லாவற்றுக்கும் 'காட்டுத்தாரா' என்று ஒரே பெயர்தான்.

கட்டுக்கரைக் குளத்து வயல்களிலிருந்து வடியும் நன்னீரும் வாடைக்காற்று மாதங்களின் மழையும் மேலிருந்து இறங்கும். கீழிருந்து உப்புநீர் ஏறும். இரண்டும் கலக்கும் விகிதம் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டேயிருக்கும். ஜூன், ஜூலையில் களப்பின் அடி வெள்ளை வெளேரென்று காய்ந்துவிடும். அப்போது பார்ப்பவருக்கு இது செத்த நிலம். டிசம்பரில் வந்து பார்க்கவேண்டும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றுநீரை வடித்துத் தின்றுகொண்டு நிற்கும். அவற்றின் செம்மையே அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். இங்கே அவை குஞ்சு பொரிப்பதில்லை; குஜராத்தின் கச்சு உப்புவெளியில் அவற்றின் பெரிய இனப்பெருக்கக் குடியிருப்பு இருக்கிறது.

இன்னும் தூரத்திலிருந்து வருபவையும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி விட்டபோது, ஒன்று இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமால் தீபகற்பம்வரை போனது தெரியவந்தது. நமது பழைய தமிழுக்கு இது புதிய செய்தியல்ல. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டபோதே அது தெற்கே வந்து வடக்கே திரும்பும் பறவை என்று அறிந்துதான் விட்டார். கண்டல், தில்லை, ஞாழல், புன்னை என்று நெய்தல் திணைப் பாடல்களில் வரும் மரங்களை வகுப்பறையில் ஒப்புவிக்கச் சொல்கிறோம். விடத்தல்தீவுக் கரைக்குக் கூட்டிப்போய்த் தில்லை மரத்தைக் காட்டி, "பால் கண்ணில் படாமல் பாத்துக்கங்க" என்று சொன்ன நாளில்தான் என் மாணவருக்கு அந்தத் திணை விளங்கியது.

என் மனதுக்கு நெருக்கமானது நண்டுதின்னி. கறுப்பும் வெள்ளையுமான உடல், தடித்த கரிய சொண்டு, நீளக் கால். பாரசீக வளைகுடா, ஓமான், செங்கடல் ஓரங்களின் மணற்றீவுகளில் வளை தோண்டி முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வருகிறது. நமது முன்னோர் வந்த கரைகளிலிருந்து இன்றும் பாஸ்போட் இல்லாமல் வந்துபோகும் விருந்தாளி.

அந்த முன்னோர் விடயத்துக்கு வருகிறேன்.

திருக்கேதீச்சரத்தை அடுத்து, சரணாலயத்தின் ஓரமாகவே, குதிரை லாட வடிவில் ஒரு மண்மேடு இருக்கிறது. அதுதான் மாந்தை. மாதோட்டம் என்று தமிழிலும் மகாதித்த என்று பாளியிலும் சொல்லப்பட்ட துறைமுக நகரம். சோழர் காலத்தில் அதற்கு இராசராசபுரம் என்று பெயர். 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. யுத்தம் வந்து நின்றுபோன அந்த வேலையின் அறிக்கை 2013இல்தான் நூலாக வெளிவந்தது. வளைகுடா நாட்டு மெருகிட்ட மட்பாண்டமும் சீனத்துப் பீங்கானும் ஒரே குழியில் கிடைத்த இடம் அது. யுத்தம் முடிந்தபின் நடந்த சிறிய அகழ்வில் மண்ணை நீரில் அலசித் தானியம் தேடியவர்கள், கருகிப்போன மிளகும், கி.பி. 900 முதல் 1100 வரையான காலத்துக் கராம்பு ஒன்றும் எடுத்தார்கள். 2018இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரேயொரு கராம்பு! மொலுக்கஸ் தீவிலிருந்து வந்து மாந்தையில் யாரோ ஒருவர் கையிலிருந்து தவறி விழுந்தது. அது விழுந்த காலத்தில் இந்தத் துறையில் அரபு, பாரசீக வணிகரும் நடமாடினார்கள்.

மாந்தை ஏன் அங்கே வந்தது என்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள்: தீவுக்கும் தாய்நிலத்துக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான நீர்வழி, பின்னால் அருவியாற்றின் வழியே அநுராதபுரம். இதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த நீர்வழி ஆழமில்லாதது. பெரிய மரக்கலம் தாராளமாக ஊடறுத்துப் போகமுடியாது. சரக்கை இறக்கித் தோணியில் மாற்றவேண்டியிருந்தது. சரக்கு மாற்றும் இடத்தில்தான் சந்தை வரும், தங்குமிடம் வரும், பள்ளி வரும், மொழி தெரிந்தவனுக்கு வேலை வரும். கப்பலைத் தடுத்த அதே ஆழமின்மைதான் நாரைக்கும் நண்டுதின்னிக்கும் சோறு போடுகிறது. துறைமுகம் தூர்ந்தது, நகரம் மண்மேடானது. சேற்றுத்தரை மட்டும் தன் வேலையை விடவில்லை.

பிறகு வந்த ஆட்சியாளர் இந்தக் கரையை வேறு கண்ணால் பார்த்தார்கள். ஒல்லாந்தருக்கு இங்கே சாயவேரும் சங்கும் முத்தும் வேண்டியிருந்தன. ஆங்கிலேயர் 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாமல், உறுதிப்பத்திரம் காட்டமுடியாமல் கிடக்கும் நிலம் அரசுடையது என்று வைத்தது. 1897இன் தரிசுநிலச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. தரவைக்கு யாரிடம் உறுதி இருந்தது? மாடு மேய்ந்தது, சிறகுவலை போட்டார்கள், கண்டற்பட்டையை அவித்து வலைக்குச் சாயமேற்றினார்கள், கோடையில் தானாக விளைந்த உப்பை அள்ளினார்கள். இவ்வளவும் பயன்பாடு. கடதாசியில் அது 'தரிசு'. என் நண்பரின் 'சும்மா'வுக்கு இவ்வளவு வயதாகிறது.

முத்தைப் பற்றி ஒரு வரி. 1905இல் அரிப்புக் கடலில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடி வரையான சிப்பிகள் அள்ளப்பட்டன. கீழக்கரை மரைக்காயரும் வளைகுடா அரபிகளும் மூழ்கினார்கள். அடுத்த ஆண்டு லண்டன் கம்பனியொன்று 20 வருடக் குத்தகை எடுத்தது. கொஞ்சக் காலத்தில் சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை.

கடற்புல் மேயும் ஆவுளியாவையும் விடமுடியாது. கடற்பன்றி, கடற்பசு என்றும் சொல்வார்கள். எமர்சன் டெனென்ட் தனது இலங்கை இயற்கை வரலாற்று நூலில் மன்னார்க் கடலின் இந்த விலங்கைத்தான் கடற்கன்னிக் கதைகளோடு தொடர்புபடுத்தினார். ('ஆவுளியா'வை 'அவுலியா'வோடு இணைத்து எனக்கு விளக்கம் சொன்னார் ஒரு முதியவர். ஒலி ஒத்திருப்பதை வைத்துச் சொற்பிறப்பு எழுதாதே என்று மாணவருக்குச் சொல்பவன் நான். ஆனாலும் அவர் சொன்ன அழகில் மறுக்க மனம் வரவில்லை.) ஷாபிஈ மத்ஹபில் கடல்வாழ்வன உண்ணத்தக்கவை என்பதால் ஒரு காலத்தில் நமது ஊர்களிலும் அதன் இறைச்சி விலைப்பட்டது. பெயரிலுள்ள பன்றியைச் சொல்லாமல் 'ஆவுளியா' என்று கேட்டு வாங்குவார்களாம். இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட, அருகிப்போன விலங்கு. ஹலால் என்பதற்காகக் கடைசி ஒன்றையும் தின்றுவிடலாமா என்ற கேள்வியை ஒரு ஜும்ஆவிலாவது யாராவது எழுப்பியிருக்கலாம்.

இனி, எழுதக் கஷ்டமான பகுதி.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. எருக்கலம்பிட்டி. ஆயுதத்தோடு வந்தவர்கள் சொன்ன தவணைக்குள் தென்கடற் கரைக்குப் போனோம். கரையோரம் ஆழமில்லாததால் வள்ளம் தள்ளி நின்றது. வாப்பா தன் உம்மாவைத் தோளில் சுமந்து தண்ணீருக்குள் நடந்தார். நான் சாச்சாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால். காலடியில் புல் சுற்றியது. அது கடற்புல் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரவு முழுக்கப் போய்க் கற்பிட்டியில் இறங்கினோம்.

புத்தளத்து முகாமில் வளர்ந்தேன். முந்தல் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது இறால் பண்ணைகளைப் பார்ப்போம். கண்டலை வெட்டி, சேற்றைத் தோண்டிக் கட்டிய தொட்டிகள், இரவில் சுழலும் காற்றூட்டிச் சக்கரங்கள். எங்கட பொடியன்மார் பலருக்கு அங்கே கூலிவேலை கிடைத்தது, அதை மறுக்கமாட்டேன். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. தொட்டி தொட்டியாகச் செத்தது. பிறகும் திருத்தித் திருத்தி நடத்தினார்கள், ஆனாலும் பல தொட்டிகள் கைவிடப்பட்டன. கண்டல் மண்ணைக் கிளறினால் அதிலுள்ள கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகிவிடும். அதன்பின் இறாலும் வாழாது, கண்டலும் இலேசில் முளைக்காது. நாங்கள் அந்தத் தொட்டிக்குள் கிரிக்கெட் விளையாடினோம். கண்டல் நின்ற காலத்தில் அதன் வேருக்குள் காசு செலவில்லாமல் இறால் குஞ்சு வளர்ந்தது என்று முகாமில் சாச்சா சொல்வார். அவர் விடத்தல்தீவுப் பக்கம் களங்கட்டி வலை போட்டவர்.

2009க்குப் பிறகு திரும்பினோம். முசலிக்குத் திரும்பிய சனங்களுக்கு நடந்தது இச்சஞ்சிகை வாசகருக்குத் தெரியும். இருபது வருடமாக ஆளில்லாத ஊரில் காடு வளர்ந்திருந்தது. 2012 வர்த்தமானியிலும், பின்னர் 2017 மார்ச்சில் மாவில்லுப் பேணற்காடு என்று 40,030 ஹெக்டேயரைப் பிரகடனப்படுத்திய வர்த்தமானியிலும், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் தங்களது என்று சொல்லும் காணிகள் உள்ளடங்கின. மையவாடியும் கிணறும் இருந்த இடம் வரைபடத்தில் காடு. இன்னொரு பக்கம், தெற்கின் ஊடகங்களில் முஸ்லிம்கள் வில்பத்துவை அழிக்கிறார்கள் என்ற கூச்சல். இதனால் 'பாதுகாக்கப்பட்ட பிரதேசம்' என்ற பலகையைக் கண்டாலே நமது ஆட்களுக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் நியாயமானது. யாரும் இல்லாத நேரத்தில் வரைந்த வரைபடத்தை, வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சட்டமாக்குவதை நான் ஏற்கவில்லை.

ஆனால் அந்த எரிச்சலைத் தூக்கிக்கொண்டு தரவைக்கும் வருகிறார்கள், அதைத்தான் ஏற்கமுடியாதிருக்கிறது. கரடிக்குளி ஊர், தள்ளாடிச் சேறு ஒருநாளும் ஊராக இருந்ததில்லை. முன்னதை இழந்த கோபத்தில் பின்னதில் மண் போட்டு நிரப்பினால், இழப்பு இரண்டாகும். கல்யாண வீட்டுக் கழிவும் கோழிக்கடைக் கழிவும் பொலித்தீன் பையில் கட்டிப் பாலத்தடியில் எறிகிறோம். எறிபவர் எல்லா மதத்தவரும்தான். இதை நமது சஞ்சிகையில் எழுதுவதால் நம்மவரை முதலில் சொல்கிறேன்.

இன்றைய நெருக்கடி விடத்தல்தீவில் இருக்கிறது. கண்டலும் கடற்புல்லும் சேர்ந்த 29,180 ஹெக்டேயர் 2016 மார்ச்சில் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீக்க வர்த்தமானி வந்தது, நீர்வாழ் உயிரினச் செய்கைப் பூங்காவுக்காக. சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தி உத்தரவிட்டது. 168 என்பது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே என்று கேட்கலாம். தொட்டியின் கழிவுநீருக்கு வேலி தெரியாது. அது பெருக்கோடு வாய்க்காலுக்குள் போய், வற்றோடு கடற்புல்லுக்கு வரும். முந்தலில் பார்த்தோமே.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, அது நமது மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. மதீனாவைச் சூழ்ந்த எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். 'ஹிமா' என்ற பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் வெளிகளும் இருந்தன. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹுனை என்ற தமது ஊழியரை ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாக்கியபோது சொன்ன அறிவுரை புஹாரியில் பதிவாகியுள்ளது. அதன் சாரம் இதுதான்: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் வைத்திருப்பவரை உள்ளே விடு, பெரும் மந்தைக்காரரான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே, அவர்களது மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் பயிரும் உண்டு, ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அந்த இருவரும் சாதாரண ஆட்கள் அல்லர், நபித்தோழர்களில் முன்வரிசையினர். அப்படியிருந்தும் உமர் (ரலி) பெயர் சொல்லித் தடுத்தார்கள்.

இங்கே நடப்பது இதற்கு நேர்மாறு. களங்கட்டி வலைக்காரன் உள்ளே போகப் பயப்படுகிறான். பூங்கா கேட்பவனுக்கு வர்த்தமானி எழுதப்படுகிறது. சரணாலயம் என்ற சட்ட வகை தனியார் காணியையும் மரபான பயன்பாட்டையும் முற்றாக விலக்குவதல்ல. வங்காலையில் மாடு மேய்கிறது, வலை விழுகிறது, பறவையும் நிற்கிறது. மனிதனை வெளியேற்றாமல் காப்பது சாத்தியம் என்பதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. அதற்கு அந்த மனிதனின் அறிவு வரைபடத்தில் இருக்கவேண்டும். எந்த வாய்க்காலில் எந்த மாதம் மீன் ஏறும், எந்தத் திட்டியில் தாரா இறங்கும் என்பது சாச்சா போன்றவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோ முகாமிலேயே வயதாகி, ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

கடந்த டிசம்பரில் சாச்சாவைத் தள்ளாடிக்குக் கூட்டிப்போனேன். எண்பத்திரண்டு வயது. காரிலிருந்து இறங்கி, நாரைக் கூட்டத்தைப் பார்க்காமல் தண்ணீரைத்தான் பார்த்தார். "வத்து தொடங்கிட்டு," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் சேறு வெளியே வந்தது. வரும் வழியில் வாய்க்கால், திட்டி, முனை என்று அவர் சொன்ன பெயர்களைக் கொப்பியில் எழுதினேன். பதினேழு. அதில் நாலைத்தான் நில அளவை வரைபடத்தில் காணமுடிந்தது.

மாணவர் நால்வரோடு சேர்ந்து இப்போது அந்தப் பட்டியலை வளர்க்கிறேன். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலி, தாராபுரம் ஊர்களின் முதியோரிடமிருந்து இதுவரை அறுபத்துமூன்று இடப்பெயர்களும், பறவை, மீன், கண்டல் பெயர்கள் நாற்பது வரையிலும் சேர்ந்துள்ளன. புத்தளம், கற்பிட்டி, நீர்கொழும்பு, பாணந்துறை எங்கெங்கோ சிதறியிருக்கும் நமது ஊரவர் வீடுகளில் வாப்பா, சாச்சா, மாமா யாராவது ஒருவர் இன்னும் இருப்பார். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, ஊரும் அவர் செய்த தொழிலும் குறித்து, ஆசிரியர் குழுவின் முகவரிக்கு அனுப்பினால் எனக்குக் கிடைக்கும். எழுத்துத் திருத்தம் பார்க்கவேண்டாம், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள்.